எந்த வேஷம் கட்டுவது?

மனிதனுக்கு வேஷம் கட்டிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை என்றைக்கு உண்டாயிற்றோ, அன்றைக்கே "எந்த வேஷம்?" என்ற சங்கடமும் உண்டாகிவிட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் குழந்தையைக் கிருஷ்ணனாக்கி அனுப்புவதா, கட்டபொம்மனாக்கி அனுப்புவதா என்று பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். அந்தச் சங்கடம் இப்பொழுது கம்ப்யூட்டர் வழியாகவும் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஓர் அம்மாள் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய குமாரன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். இன்டர்நெட் வழியாகப் பல தேசத்தாரோடு கூடி ஆடும் வேஷ ஆட்டம் ஒன்றை ஆட உத்தரவு கேட்டான். அம்மாளும் மனமிரங்கி உத்தரவு கொடுத்தார். இரண்டு தினங்கள் சென்றன. பையன் ஆட்டத்தைத் தொடங்கக் காணோம். திரையில் பதின்மூன்று வேஷங்கள் வரிசையாக நிற்கின்றனவாம். எதைத் தொட்டாலும் மற்றப் பன்னிரண்டும் போய்விடுமே என்ற கவலையில், அவன் தொடுவதும் விடுவதுமாக உட்கார்ந்திருக்கிறானாம். "நீங்களாவது ஒரு வேஷத்தைச் சொல்லி இவனைக் கரையேற்றக் கூடாதா?" என்று அம்மாள் கேட்கிறார்.

வேஷத்தை நாம் சொல்லப் போவதில்லை. அதற்குக் காரணம் பின்னால் வரும். ஆனால் வேஷம் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் சூக்ஷ்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் வசிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதலில் ஆட்டத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1974-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். மேஜை, காகிதம், பென்ஸில், பகடை இவ்வளவே சாமான்கள். அதில் கட்டக்கூடிய வேஷங்கள் மூன்றுதான்: வாளேந்திய வீரன், மந்திரவாதி, தெய்வ பலத்தால் காயம் ஆற்றும் பூசாரி. மறு வருஷமே திருடனும் நாலாவதாக வந்து சேர்ந்துகொண்டான். 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்ற மாணவர்கள், பலர் ஒரே சமயத்தில் ஒரே கற்பனை உலகத்தில் உலாவும்படியாக 'மட்' என்ற ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்தார்கள். 1999-ல் 'எவர்க்வெஸ்ட்' வந்தது. 2004-ல் 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' வந்தது. இந்தப் பின்னதில் ஆரம்பத்தில் 9 வேஷங்கள் இருந்தன. 2008, 2012, 2016, 2022 ஆகிய வருஷங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று 13 ஆகியிருக்கின்றன. ஸ்ரீரங்கத்துப் பையனைத் திகைக்க வைத்த பதின்மூன்று இவைதாம் போலும்.

ஆட்டத்தில் வேஷப் பிரிவினை எதற்கு? எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்? இதற்கு விடை நம்முடைய ஸ்பெஷல் நாடகத்தில் இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். கள்ளபார்ட்டும் பபூனும் இன்னும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்வார்கள். ஒத்திகை என்பது கிடையாது. மேடையில் ஏறிய பிறகுதான் ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. ஆனாலும் பொழுது விடியும்வரை நாடகம் ஜாம் ஜாமென்று நடக்கும். அவரவர் பார்ட்டுக்கு என்ன வேலை என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் இதன் ரகசியம்.

இன்டர்நெட் ஆட்டத்திலும் இதுவேதான் நடக்கிறது. குகைக்குள் புகுந்து பூதத்தை வதம் செய்ய ஐந்து பேர் சேர்கிறார்கள். ஒருவர் கனடாவில் இருப்பார்; ஒருவர் ஜெர்மனியில் இருப்பார்; இன்னொருவர் தில்லைநகரில் இருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆயினும் அந்த ஐவரில் ஒருவர் 'டாங்க்', ஒருவர் 'ஹீலர்', மூவர் அடிப்பவர் என்று கணக்கு இருப்பதால் காரியம் நடந்துவிடுகிறது.

டாங்கின் வேலை என்ன? பூதத்தின் கோபத்தையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொண்டு, கேடயத்தைப் பிடித்து நின்று, மற்ற நால்வர்மேல் அடி விழாமல் பார்த்துக்கொள்வது. ஹீலரோ பூதத்தைப் பார்ப்பதே அபூர்வம். தோழர் நால்வருடைய உயிர்க்கோடுகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதிலேயே அவருக்குக் கண். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் கச்சேரியைக் கேட்க முடியாது அல்லவா? அதைப் போலத்தான். அடிப்பவர்களில் மந்திரவாதி தூரத்தில் நின்று நெருப்பைப் பொழிவான்; அவனுடைய அடி பெரிது, உடம்பு பொரிவிளங்காய் உருண்டையைப் போல் அல்ல, அப்பளத்தைப் போன்றது. கள்ளன் மறைந்து வந்து முதுகில் குத்துவான். வேட்டைக்காரனுக்கு வளர்ப்பு மிருகம் ஒன்று உண்டு. அடியை அது வாங்கிக்கொள்ள, அவன் சாவகாசமாக அம்பு விடுவான்.

இவற்றில் எல்லாரும் விரும்பி ஏறும் வேஷம் எது என்று சொல்லவும் வேண்டுமோ? அடிப்பவர் வேஷந்தான். ஆகையால் அவர்கள் குகை வாசலில் க்யூவில் நிற்பார்கள். டாங்குக்கும் ஹீலருக்கும் வாசல் உடனே திறக்கும். 2011-ல் இந்த ஆட்டத்தை நடத்தும் கம்பெனியார், எந்த வேலைக்கு ஆள் குறைகிறதோ அந்த வேலையை ஏற்று வருபவருக்குத் தனி வெகுமதி என்று அறிவித்து ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. அடிப்பதற்கு நூறு பேர் கிடைப்பார்கள். அடி வாங்கவும் காயம் ஆற்றவும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கற்பனை உலகத்திலும் உலக இயல்பு மாறவில்லை!

இனி நம் ஊருக்கு வருவோம். ஒருவனுக்கு வேஷம் வந்து சேரும் வழிகள் மூன்று. மூன்றையும் காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் காணலாம்.

முதல் வழி, பிறப்பு. மார்கழி மாதத்துப் பகல் பத்தில் ஸ்ரீரங்கம் அர்ஜுன மண்டபத்தில் அரையர் சேவை நடக்கும். தலையில் கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் வந்து நின்று பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்லுவார். முத்துக்குறியின்போது மகளை நினைத்து உருகும் தாயாரும் அவரே. காதலில் வாடும் மகளும் அவரே. முத்துக்களைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியும் அவரே. குல்லாயை மாற்றுவதில்லை, உடையை மாற்றுவதில்லை. குரலிலும் பாவத்திலும் ஆள் மாறிவிடுவார். இந்தப் பாத்தியதை அரையர் குடும்பத்து ஆண்மக்களுக்குப் பரம்பரையாக வருவது. "எந்த வேஷம்?" என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

இரண்டாவது வழி, வாத்தியாரின் உத்தரவு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து பாலர் நாடகக் கம்பெனிகளில் இதுவே முறை. புதிதாகச் சேர்ந்த பையனைப் பாடச் சொல்லுவார்கள். முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். "இவன் ஸ்திரீபார்ட், அவன் ராஜபார்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் அப்பீல் கிடையாது. அந்தத் தீர்ப்பையும் மாற்றவல்லது ஒன்றுண்டு. பதினைந்து வயதுக்கு மேல் மகரக்கட்டு வந்து தொண்டை உடையும். நேற்றுவரை கணீரென்று பாடிய சீதைக்கு இன்று குரல் கரகரக்கும். அப்புறம் அந்தப் பையன் வேறு வேஷத்துக்குப் போக வேண்டியதுதான். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது வழி, சொந்த இஷ்டம். இது கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. ஆனால் மூன்றிலும் கஷ்டமான வழி இதுவே. பிறப்பின்மேலும் பழி போட முடியாது. வாத்தியார்மேலும் பழி போட முடியாது. உத்தர வீதிப் பையன் இரண்டு தினங்களாக அகப்பட்டுக்கொண்டிருப்பது இந்த வழியில்தான்.

அவனுக்குத் தைரியம் சொல்லத் திருச்சியின் நாடக சரித்திரமே போதும். 1910-ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த சிறுவன் ஒருவன் பாடுவதைத் தென்னிந்திய ரயில்வே அதிகாரியும் ரசிக ரஞ்சன சபையின் பிரமுகருமான எப். ஜி. நடேசய்யர் கேட்டார். அவனை மேடையேற்றினார். என்ன வேஷம் கொடுத்தார்? ஹரிச்சந்திரன் வேஷமா? இல்லை, பாம்பு கடித்து மாண்டு கிடக்கும் லோகிதாசன் வேஷம். சில வருஷங்களுக்கெல்லாம், 1926-ல், அதே பையன் பொன்மலையில் 'பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனனாக வந்து நின்றான். 1934-ல் அந்த அர்ஜுனன் வேஷமே அவனைச் சினிமாவிலும் ஏற்றிவிட்டது. எம். கே. தியாகராஜ பாகவதர் என்றால் தெரியாதவர் யார்?

காவிரியில் நமக்கு மேற்கே இருக்கும் கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேடையேறிய முதல் வேஷம் 'நல்லதங்காள்' நாடகத்தில் வரும் ஆண் குழந்தையின் வேஷம். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்காக ஒரு லக்ஷம் ரூபாய் பெற்றார் என்பது அன்றைக்குத் தேசமெங்கும் பேச்சு. ஆட்டத்தில் ஆண் உருவமா, பெண் உருவமா என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக. பகல் பத்தின் பத்தாம் நாள் ஸ்ரீரங்கத்துப் பெருமாளே மோகினி அலங்காரத்தில் எழுந்தருளும்போது, நமக்கு என்ன தயக்கம்?

மூன்றாவது உதாரணம் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த வி. சி. கணேசன். சிறு பிராயத்தில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாலர் கம்பெனியில் சேர்ந்தார். சீதையாக வேஷம் கட்டினார். பிறகு அதே ராமாயணத்தில் பரதனானார், இந்திரஜித்தும் ஆனார். பின்னால் அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைக் கண்டு ஈ. வெ. ரா. பெரியார் வாழ்த்த, வேஷத்தின் பெயரே அவருக்குச் சொந்தப் பெயராகிவிட்டது. சீதையாக நின்றவருக்குச் சீதையின் வசனம் மட்டுமா பாடமாயிற்று? எதிரே நின்ற ராமனின் வசனமும் ராவணனின் வசனமும் சேர்ந்தே பாடமாயின. முதல் வேஷத்தின் பிரயோஜனம் இதுதான். நாடகம் முழுவதும் எப்படி நடக்கிறது என்பதை ஓர் ஓரத்தில் நின்று பார்க்க அது இடம் தருகிறது. லோகிதாசனாகச் செத்துக் கிடந்த சிறுவனுக்குக்கூட, ஹரிச்சந்திரன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று கவனிக்க நல்ல அவகாசம் இருந்திருக்கும்!

ஆகவே, பதின்மூன்று வேஷங்களில் எது அதிக பலமுள்ளது என்று பையன் ஆராய வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் ஆட்டக் கம்பெனியார் திருத்தம் செய்யும்போதெல்லாம் தலைகீழாகும். அவன் தன்னையே சில கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்.

கை செய்யப் போகும் வேலை எது என்பது முதற்கேள்வி. படத்தில் மந்திரவாதியின் அங்கி அழகாயிருக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் செய்யப் போவது அங்கியைப் பார்க்கும் வேலை அன்று. தூரத்தில் நிற்பது, மந்திரம் முடியும்வரை அசையாதிருப்பது, அடி விழுமுன் விலகுவது ஆகிய வேலை. ஓடியாடி நெருங்கிச் சண்டையிடப் பிரியமுள்ளவனுக்கு இது இரண்டே நாளில் சலித்துவிடும்.

தனியாக ஆடப் போகிறோமா, கூட்டத்தோடு ஆடப் போகிறோமா என்பது இரண்டாவது கேள்வி. தனி ஆளுக்கு, மிருகத்துணையுள்ள வேட்டைக்காரன் சௌகரியம். சிநேகிதர்கள் நால்வர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால், அவர்களிடம் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று விசாரிப்பது நலம்.

ஆட்டத்தில் நமக்கு எது ருசிக்கும் என்பது மூன்றாவது. 'மட்' ஆட்டத்தைச் செய்த பார்ட்டில் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆடுகிறவர்களைச் சீட்டுக் கட்டின் நாலு ஜாதிகளாகப் பிரித்தார். புதையலும் பதவியும் தேடுகிறவர் டைமன். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் தோண்டிப் பார்க்கிறவர் இஸ்பேட். பேசிச் சிநேகம் பிடிக்க வருகிறவர் ஆர்ட்டின். பிறரை அடித்து வீழ்த்துவதில் சந்தோஷம் காண்கிறவர் கிளாவர். நாம் எந்தச் சீட்டு என்று தெரிந்துவிட்டால் பாதி வேஷங்கள் தாமே கழன்று விழும்.

இத்தனையும் யோசித்த பிறகும் மனம் துணியவில்லையானால், வேலையை மாற்றிக்கொள்ள இடம் தரும் வேஷமாக ஒன்றைப் பிடிக்கலாம். வார்கிராப்டில் 'பாலடின்' என்ற வீரன் டாங்காகவும் நிற்பான், காயமும் ஆற்றுவான், அடிக்கவும் அடிப்பான். 'பைனல் பாண்டஸி 14' என்ற ஆட்டத்திலோ, ஆரம்பப் படிகளைத் தாண்டிவிட்டால் ஒரே ஆள் எல்லாத் தொழிலும் கற்கலாம். கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் தொழிலும் மாறிவிடும். நம் அரையர் குல்லாயை மாற்றாமல் மூவராவதைப் போல! எந்த ஆட்டமாயினும், பிடிக்காத வேஷத்தைக் களைந்துவிட்டு முதற்படியிலிருந்து மறுபடி தொடங்க யாரும் தடை சொல்வதில்லை. போவது சில மணி நேரமே.

இனி அம்மாளுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடித்த பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் சில வாரங்களில் பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்ற கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும். கணிதமும் பௌதிகமும் ரசாயனமுமா, உயிரியலா, வணிகவியலா என்று பெரியப்பா ஒன்று சொல்லுவார். மாமா ஒன்று சொல்லுவார். எதிர் வீட்டார் கேளாமலே சொல்லுவார்கள். பையனுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க யாருக்காவது ஞாபகம் வருமா? நம் நாட்டில் அநேகம் பிள்ளைகளுக்குப் படிப்பும், உத்தியோகமும், சில சமயம் கல்யாணமும் பாலர் கம்பெனி வாத்தியாரின் தீர்ப்பாகவே வந்து சேருகின்றன. பிறகு முப்பது வயதில் மகரக்கட்டு வந்தவர்களைப் போல் அவர்கள் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தானாகத் தேர்ந்தெடுப்பது ஒரு பழக்கம். நீச்சலைப் போல் அதையும் ஆழமில்லாத இடத்தில் பழக வேண்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது பழக முடியாது. பிளஸ் ஒன் குரூப்பைத் தவறாக எடுத்தால் இரண்டு வருஷம் போகும். இந்த ஆட்டத்தில் வேஷத்தைத் தவறாக எடுத்தால் ஒரு சாயங்காலம் போகும். ஆகையால் பையன் கலங்கி நிற்கும் இந்த இரண்டு நாளும் வீண் என்று நாம் நினைக்கவில்லை. ஒன்றைக் கொள்வதற்காக மற்றதை விட வேண்டும் என்ற பாடத்தை, செலவில்லாமல் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். நாம் வேஷத்தைச் சொல்ல மறுத்ததற்குக் காரணம் இதுவே. நீங்களும் சொல்லாதிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் சொல்ல வேண்டியவை வேறு உண்டு. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்; மேடைக்கு விடியும்வரை நாடகம் தகும், மாணாக்கனுக்குத் தகாது. ஆட்டத்துக்குள்ளிருக்கும் கடையில் அங்கியும் குதிரையும் வாங்கப் பணம் கேட்டால், கணக்கும் கேளுங்கள். 2025-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை. இத்தகைய வேஷ ஆட்டங்கள் அதில் சேரமாட்டா. ஆனால் சட்டம் தடுக்காத செலவை வீட்டார் தடுக்கலாம் அல்லவா?

மற்றதைப் பையனிடமே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அருகில் உட்கார்ந்து, "உன் வேஷத்துக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். "நாலு பேர் சாகாமல் பார்த்துக்கொள்வது, அம்மா" என்று அவன் சொன்னானானால் நீங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். "பின்னால் மறைந்து வந்து குத்துவது" என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம். இராப் பத்தின் எட்டாம் நாள், பெருமாளையே வழிமறித்த திருமங்கை மன்னனின் வேடுபறியை உங்கள் ஊரே திரண்டு நின்று பார்க்கிறது. கள்ளபார்ட்டில் தொடங்கியவர்தாம் அவரும், ஆழ்வாராக முடிந்தார்.